தண்ணி மாறுறவன்

மூண்டு தரம் அடிச்சிருக்கிறன்,
விளக்குமாத்து ஈர்க்கால.
அதைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றதெல்லாம்.

உரும்பிராய்ச் சந்தியில
வெங்காய லொறிக்காரன் தந்த பெட்டைக்குட்டி.
பேர் பிறவுணி.
படுத்தெழும்பின இடமெல்லாம்
ஒரு உள்ளங்கை ஈரம்.
நடந்தால் சிமெந்தில சொட்டுச் சொட்டாய்
தையல் மெசின் ஓடிப்போன மாதிரி.
முத்தத்தில குந்தி ஒழுங்காய்ப் பெய்யும்,
உள்ள வந்து பாயிலயும் விடும்.
வேணுமெண்டு செய்யுது எண்டு நினைச்சன்.
அடிச்ச பிறகு
தன்ர ஈரத்தைத் தானே நக்கித் துடைச்சுது
என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு.

சந்தைக்குப் பின்னால விட்டிட்டு வா எண்டினம்.
பின்னங்கால் இடுக்கில தோல் வெந்து
சிவந்து கிடந்ததைக் கண்டதால
சைக்கிள் கூடையில ஏத்தி
டொக்டர் நிரஞ்சலாவிட்டக் கொண்டுபோனன்.

மருந்துத் துண்டின்ர பின்பக்கம் கீறினா:
ரெண்டு குண்டிக்காய், ஒரு பை,
ரெண்டு குழாய்.
ஒண்டு பைக்குள்ள இறங்குது.
மற்றது பையைத் தாண்டிப் போய்
வாசலடியில திறந்து கிடக்குதாம்.
"படம் எடுத்தால்தான் நிச்சயமாய்ச் சொல்லலாம்.
பிறக்கேக்கயே இப்பிடித்தான், ஐயா.
அடக்கத் தெரியாமல் இல்லை.
அந்தக் குழாய்க்குக் கதவே இல்லை."

விடிய நாலரைக்கு மோட்டரைப் போட்டு
மடை வெட்டி, மடை அடைச்சு
பாத்தி பாத்தியாய்த் தண்ணி மாறுறவன் நான்,
முப்பது வருசமாய்.
பிழையான வரம்பால தண்ணி போனால்
தண்ணிக்கு அடிக்கிறவன் ஆர்?

பேராதனைக்குக் கொண்டுபோக வேணும்.
வெங்காயம் விலை ஏறட்டும்.
அதுவரைக்கும் பவளராணி
என்ர பழைய சாரங்களைக் கிழிச்சு
வாலுக்கு ஓட்டை விட்டுத் தைச்சாள்.
கொடியில பதினொரு துண்டு காயுது.
வேலிக்கு அங்கால ஆரோ புதுசாய் வந்தவ
எட்டிப் பாத்துக் கேட்டா:
"பிள்ளைக்கு எத்தினை மாசம்?"
கலியாணம் முடிச்சு இருபத்தாறு வருசம்,
எங்கட படலையடியில
ஒருத்தரும் கேளாத கேள்வி.
பவளராணி "அஞ்சு" எண்டாள்.
சிரிச்சாள்.
பிறகு கனநேரம் கிணத்தடியில நிண்டாள்,
வாளி நிரம்பி வழிய.

விளக்குமாத்தை எரிச்சுப்போட்டன் எண்டு
சொல்ல ஆசைதான்.
முத்தம் கூட்ட எங்களிட்ட அதுதான் இருக்கு.
இப்பவும் அதைக் கையில எடுத்தால்
பிறவுணி கட்டிலுக்குக் கீழ போயிடும்.
அங்கயும்
ஒரு உள்ளங்கை ஈரம்.