தலையை விடு

சனிக்கிழமை ஆறரைக்குள் போய்விட வேண்டும்.
எட்டு மணிக்கு விடுதி விருந்தினர்கள் எழும்பிவிடுவார்கள்,
குளம் அவர்களுடையதாகிவிடும்.
அதுவரை அது
குருநகர், கொக்குவில், கல்வியங்காடு என்று
வந்து சேர்ந்த பதினொரு பிள்ளைகளுடையது.

சைக்கிளின் பின்கரியரில் அபிரா.
நீச்சல் கண்ணாடி ஏற்கெனவே கழுத்தில்,
இறப்பர்த் தொப்பி ஏற்கெனவே தலையில்.
கச்சேரி நல்லூர் வீதி முழுக்க
பால் வாங்க நிற்கிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.
'அம்மப்பா, ஆழமான பக்கம் எத்தினை அடி?'
'உனக்கு அந்தப் பக்கம் வேலையில்லை.'
'எத்தினை அடி எண்டுதான் கேட்டனான்.'

வாசலிலேயே மூக்குச் சொல்லிவிட்டது:
இன்றைக்குக் குளோரீன் கூட.
முப்பத்தொரு வருசம்
நீர்ப்பரிசோதனைக் கூடத்தில் இருந்த மூக்கு.
எனக்குத்தான் ஓய்வூதியம், அதற்கில்லை.
கோப்பாய், நீர்வேலி, புன்னாலைக்கட்டுவன்,
எத்தனை கிணற்றுக்குள் போத்தல் இறக்கியிருப்பேன்!
கயிறு, மூடி, ஒட்டிய துண்டில் திகதி.
எனக்குத் தண்ணீர் என்பது அரை லீற்றர்.
உப்பு இவ்வளவு, நைத்திரேற்று இவ்வளவு,
குடிக்கலாம், குடிக்கக்கூடாது.
மூன்று பக்கமும் கடல் இருக்கிற ஊரில்
இடுப்புக்கு மேல் தண்ணீரில் இறங்காதவன் நான்.
இது மகளுக்குத் தெரியும்.
அபிராவுக்குத் தெரியாது,
அல்லது தெரிந்தும் கேட்காமல் இருக்கிறாள்.

மரிஸ்ரெலா மிஸ்ஸுக்கு இருபத்து நாலு வயதிருக்கும்.
கழுத்தில் விசில்; குரல் அதைவிடப் பலம்.
'காலை விட்டிட்டாய், கையை விட்டிட்டாய்,
தலையை ஏன் பிடிச்சு வைச்சிருக்கிறாய்?
தலையை விடு. தண்ணி பிடிக்கும்.'

அபிரா விடவில்லை.
காது நனையும்போதெல்லாம் கழுத்தை நிமிர்த்தி
என்னைத் தேடினாள்.
நானும் பிளாஸ்ரிக் கதிரையின் நுனியில்
அவளுக்கும் சேர்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தேன்.
நாலு தரம்.
ஐந்தாம் தரம் மிஸ் விசிலை ஊதினாள்,
எனக்குத்தான்.
'ஐயா, கொஞ்சம் வெளியில நிப்பீங்களோ?'

தோளில் துவாயோடு வெளியேறினேன்.
கேற்றடியில் காவலாளி
நேற்றைய பேப்பரில் குறுக்கெழுத்து நிரப்பிக்கொண்டிருந்தார்.
'மீன் பிடிக்கிறது, நாலு எழுத்து' என்றார்.
எனக்கு ஒன்றும் வரவில்லை.
மதிலுக்கு அந்தப்பக்கம் பதினொரு இரைச்சல்,
அதில் எங்களுடையது எதென்று
பிரித்துக்கொண்டிருக்க
திடீரென்று
ஒன்றுமில்லை.

எண்ணினேன்.
கலங்கிய மாதிரி அடையும்வரை
மணிக்கணக்காய்ப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு
ஏழு விநாடி ஏலாமல் போனது.
எட்டில் கைதட்டல்.

துவாயைச் சுற்றும்போது அவளுக்குப் பல் அடித்தது.
'பாத்தனீங்களோ?'
'ஓம், பாத்தனான்.'
'பொய். நீங்கள் வெளியில நிண்டனீங்கள்.'
'சத்தம் கேட்டது.'
'மிதக்கிறதுக்குச் சத்தமே இல்லை, அம்மப்பா.'

ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை.
பணிஸ் கேட்டாள்.
தூண்டில் என்பது
கேற்றைத் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.
முதுகில் அவள் கன்னம் வைத்த இடம்
வீடு வரும்வரை காயவில்லை.

இரவு கட்டிலில் மல்லாந்து கிடந்து
தலையை விட்டுப் பார்த்தேன்.
விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.
பிடரிக்குக் கீழே கையைக் கொடுத்தால்
தலையணைக்கும் எனக்கும் நடுவில்
இரண்டு விரல் போகிற இடம்.
அறுபத்தெட்டு வருசமாய்
இப்படியே நித்திரை கொண்டிருக்கிறேன் போல.

அடுத்த சனி,
சைக்கிள் நிற்குமுன்பே குதித்துவிட்டாள்.
'நீங்கள் இஞ்சையே நில்லுங்கோ.'
பத்தடி ஓடி, திரும்பி வந்து,
'வீட்டை போயிடாதேங்கோ.'

காவலாளி வாங்கிலில் நகர்ந்து இடம் விட்டார்.
'இண்டைக்கு ஐஞ்செழுத்து' என்றார்.