காற்புள்ளிக்கு முன்னால்

பார்னு நகரில் மார்ச். கடல் பாதி உறைந்தும் பாதி முனகியும் கிடந்தது.
ஒன்பதாயிரத்து நானூறு பேருக்கு
ஒரே சொடுக்கில் மடல் அனுப்பினேன்.
அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்:
பெயர் வந்து உட்கார வேண்டிய இடத்தில்
யாரும் உட்காரவில்லை.

அன்புள்ள ,

அவ்வளவுதான். ஓர் இடைவெளி, ஒரு காற்புள்ளி,
அடுத்த வரியில் நேராகக் கடல்நாய்க் குட்டியின் எடை.

வயிற்றில் புளி கரைந்தது.
காப்பகத் தலைவி மார்கிட்
மீன் வாளியும் கையுமாக வந்து நின்றாள்.
"மதியத்துக்குள் மன்னிப்பு மடல் போடு.
தலைப்பில் 'அச்சச்சோ' என்று எழுது. திறப்பார்கள்."
அவள் சொன்னது சரி.
எங்கள் நற்செய்திகளைவிட
அச்சச்சோவைத்தான் அதிகம் பேர் திறந்தார்கள்.

பதில்கள் வந்தன.
கோடிட்ட இடத்தை நிரப்பி அனுப்பியிருந்தார் ஒரு பள்ளி ஆசிரியை.
இத்தோடு நிறுத்துங்கள் என்றவர்கள் பதினேழு பேர்.
ஒருவர் தன் நாயின் பெயரை எழுதி
இனி அதற்கே அனுப்பச் சொன்னார்.
சாரேமா தீவிலிருந்து எண்டெல் என்பவர்
வணக்கம்கூடச் சொல்லாமல் தொடங்கியிருந்தார்:

"இந்த மாதம் ஏன் ஹெல்வே என்று எழுதவில்லை?
அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது.
ஓய்வூதிய அலுவலகத்துக்குச் சொன்னேன். நூலகத்துக்குச் சொன்னேன்.
பல் மருத்துவருக்கும் சொன்னேன்.
உங்களிடம் மட்டும் சொல்லவில்லை.
ஐந்தாம் தேதி காலையில் அவள் பெயர் வீட்டுக்கு வரும்.
திறந்து உரக்கப் படிப்பேன்.
மற்றபடி எனக்குக் கடல்நாய்களைக் கண்டாலே ஆகாது.
நாற்பது வருடம் என் வலைகளைக் கிழித்த ஜென்மங்கள்."

தரவுத்தளத்தில் தேடினேன்.
ஹெல்வே ராவுத்சிக். மாதம் எட்டு யூரோ.
தத்தெடுத்த குட்டி கிவி, கடலுக்குத் திரும்பிவிட்டது.
கடைசி இருபத்துநான்கு மடல்களும்
வந்து சேர்ந்த பத்து நிமிடத்துக்குள் திறக்கப்பட்டிருந்தன.
பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி:
மிகுந்த ஈடுபாடு உள்ளவர்.

போன வாரம்தான் நிர்வாகக் குழுவுக்கு
வண்ண வண்ணமாய்ப் படம் போட்டுக் காட்டினேன்,
இப்படிப்பட்டவர்களை எப்படிப் பெருக்குவது என்று.

படிவத்தில் இரண்டே கட்டம். தொடர்க. நீக்குக.
இறந்தவரை நீக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான்.
செத்தவர் பெயருக்குக் கொடை கேட்டுப் போன மடலால்
ஒரு குடும்பம் தொலைபேசியில் அழுததை
இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.
அம்புக்குறியை நீக்குக மேல் வைத்தேன்.
வைத்தபடியே இருந்தேன்.
வெளியே தொட்டியில் ஒரு குட்டி
பசிக்கா பழக்கத்துக்கா என்று தெரியாமல்
குரைத்துக்கொண்டேயிருந்தது.

நீக்கினேன்.
எட்டு யூரோவையும் நிறுத்தினேன்.
மார்கிட்டிடம் காரணம் சொன்னபோது
அவள் ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போனாள்.

ஏப்ரல் ஐந்து, காலை.
பட்டியல் இல்லை, வார்ப்புரு இல்லை,
அடியில் அந்தச் சிவப்புக் கொடைப் பொத்தானும் இல்லை.
ஒரே ஒரு முகவரிக்குத் தட்டினேன்:

"அன்புள்ள ஹெல்வே,
கடலில் விட்ட பிறகு
சேதி இல்லாமலிருப்பதுதான் நல்ல சேதி என்போம்.
ஆனால் கிவியை வியாழக்கிழமை பார்த்தார்களாம்.
துடுப்பில் நம் மஞ்சள் வில்லை அப்படியே இருக்கிறதாம்.
உங்கள் தீவின் வடகரைப் பாறையில்,
கொழுத்துப்போய், வெயில் காய்ந்துகொண்டு."

அனுப்பும் முன் பெயரை மூன்று தடவை சரிபார்த்தேன்.

இரண்டு நாள் பதில் இல்லை.
தப்பு செய்துவிட்டோமோ என்று
தேநீர் ஆறும்வரை திரையையே பார்த்திருந்தேன்.

மூன்றாம் நாள் வந்தது:

"வடகரையில் என் தம்பி மகன் வலையில்
ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை.
அதுவாகத்தான் இருக்கும்.
அவளிடம் சொல்லிவிட்டேன்."