சமாளிப்பன்

டாண்டினோங் ஸ்டேஷனுக்குப் பின்னால்
மூன்றாவது யூனிட். ஜூலைக் குளிர்.
ஹீட்டரின் இரண்டு கம்பிகளில் ஒன்றுதான் சிவந்திருக்கிறது.
மேசையில் கிர்ஸ்டனின் மடிக்கணினி,
குகதாசன் அண்ணை போட்ட தேத்தண்ணீர்:
மூன்று கோப்பை, மூன்று நடை,
வலக்கை மட்டும்.

எங்கள் தொழிலில் ஒரு விதி.
அவர் "நான்" என்றால் நானும் "நான்".
ஆகவே பத்து மணியிலிருந்து
நான் ஐம்பத்தொரு வயது ஆண்.
பக்கவாதம் வந்து ஐந்து வருடம்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன்.
கன்னத்தை நானே மழிப்பேன்,
தாடைக்குக் கீழே தம்பி வந்தால்தான்.
இதையெல்லாம் மூக்குத்தி போட்ட முகத்தோடு
சிரிக்காமல் சொல்லி முடித்தேன்.

கேள்விகள் திரையிலிருந்து வருகின்றன.
குளிக்க என்ன உதவி வேண்டும்?
எத்தனை நாளைக்கு ஒருமுறை? எத்தனை நிமிடம்?
பூஜ்யத்திலிருந்து நான்குவரை கட்டங்கள்.

"சமாளிப்பன்."

ஆங்கிலத்தில் அதற்கு இரண்டே சொல்.
இரண்டும் பிழையில்லாத சொற்கள்.
கிர்ஸ்டன் பூஜ்யத்தை அழுத்துகிறார்.

சமைக்க? சமாளிப்பன். பூஜ்யம்.
பஸ் ஏற? "அதுவும் சமாளிக்கலாம் பிள்ளை."
பிள்ளையை விட்டுவிட்டேன். பூஜ்யம்.

கூட்டாதே, குறைக்காதே என்பது இன்னொரு விதி.
இருந்தும் கையைத் தூக்கினேன்.
"நான்" அவரிடம் இருந்ததால்
என்னைப் படர்க்கையில்தான் சொல்ல முடிந்தது:
மொழிபெயர்ப்பாளர் ஒன்று விளக்க விரும்புகிறார்.
இந்தச் சொல்
பாரத்தைத் தூக்க முடிகிறது என்று சொல்லவில்லை.
இறக்கி வைக்க இடமில்லை என்கிறது.
எப்படிச் சமாளிக்கிறார் என்று
அவரிடமே கேளுங்கள்.

திரையில் இல்லாத கேள்வி. கிர்ஸ்டன் கேட்டார்.

பாக்கன்ஹாம் ரயில் ஒன்று போய் முடிந்தது.

"பட்டன் வைச்ச சேட்டெல்லாம் தம்பிக்குக் குடுத்திட்டன்.
தொட்டிக்குள்ள கால் வைக்கப் பயம்.
கதிரையில இருந்து ஈரத்துணியால துடைப்பன்,
ஞாயிறு அவன் வந்தாத்தான் குளிப்பு.
சோறு கிழமைக்கு ஒருக்கா. மிச்ச நாள் பாண்.
பஸ்ஸா? நான் எங்க போறன்?"

நான் எங்கே போகிறேன் என்று
நானும் கிர்ஸ்டனைக் கேட்டேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல்
திரையை மேலே தள்ளித் தள்ளி
முதல் கேள்விக்குப் போனார்.

அண்ணை கோப்பையைப் பார்த்தபடி,
என்னிடம் மட்டும், தாழ்ந்த குரலில்:
"உமக்கேன் பிள்ளை இந்த வேலை?
நான் நல்லாத்தானே சொல்லிக்கொண்டு வந்தனான்."

அறையில் பேசப்படும் எதையும் விடக் கூடாது.

அதையும் சொன்னேன். இந்தத் தடவை
பிள்ளையையும் சேர்த்து.