ஏழாவது பொத்தான்

கோவொலா ரயில் நிலையத்தில்
காபிக்குச் சில்லறை எண்ணிய நேரம்தான்.
திரும்பினால் பெஞ்சில்
பெட்டி வடித்த பனித்தண்ணீர் மட்டும்
பெட்டியின் வடிவத்தில்.

"அடையாளம் ஏதாவது?" என்றார் காவலர் சாரெலைனென்.
கறுப்பு அக்கார்டியன்.
இடது தோல்வாரில் ஆணி வைத்து நானே போட்ட ஓட்டை.
அப்புறம், வெளிவரிசையில் ஏழாவது பொத்தான்
பேசாது.
"பேசாதா?"
ஊமை. மிக்கெலியில் பேருந்துப் படியில் உறைபனி வழுக்கி
அதுவும் நானும் சேர்ந்து விழுந்ததிலிருந்து.
எனக்கு முழங்கை, அதற்கு அந்த ஒரு சுரம்.

பதினோரு வருடம்.
காசு இருந்தபோது நேரமில்லை,
நேரம் இருந்தபோது காசு இல்லை,
பிறகு இரண்டுமே தேவைப்படவில்லை.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
எனக்குப் போகவில்லை.
விழுந்த பல்லைச் சுற்றி நாக்கு வழி கண்டுபிடிப்பதுபோல
விரல் கண்டுபிடித்தது: அந்த இடம் வந்தால் தூக்கு,
ஒரு மூச்சு விடு, அடுத்ததில் இறங்கு.
ஏரிக்கரைக் கூடத்தில் டாங்கோ ஆடுகிறவர்களும்
அங்கே காலை அந்தரத்தில் வைத்துக் காத்திருந்தார்கள்.
அதுதான் என் பாணி என்று
ஒரு பத்திரிகையில்கூட எழுதினார்கள்.
நான் மறுக்கவில்லை.

வசந்தம் முழுக்க இரவல் வாத்தியம்.
எல்லாப் பொத்தானும் பேசியது.
மடியில் பக்கத்து வீட்டுக் குழந்தை.

ஜூனில் லாஹ்தியிலிருந்து அழைப்பு, ஓர் அடகுக்கடை.
பார்த்ததுமே தெரிந்துவிட்டது எனக்கு.
ஆனால் தோல்வார் புதிது.
கடைக்காரர் பட்டியலைப் பார்த்து, எண்ணி,
ஏழாவதை அழுத்தினார்.

பேசியது.

தூங்கி எழுந்தவன் குரல்போல
கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான்.
"உங்களுடையது ஊமை அல்லவா?" என்றார்.
என்ன சொல்ல?
என் பொருள் என்பதற்கு
அதன் குறை ஒன்றுதான் சாட்சியாக இருந்தது.

சாரெலைனென் மேசைவிரிப்பில் வைத்துத் திருகுகளைக் கழற்றினார்.
உள்ளே வரிசையாக நாக்குகள்,
பழுப்பேறிய மெழுகில் பதிந்து.
ஒரே ஒரு நாக்கின் ஓரத்தில் மட்டும்
இளமஞ்சள், புது மெழுகு,
விரல்ரேகைகூட இன்னும் அழியாமல்.

எடுத்தவனா, எடுத்தவனிடம் வாங்கியவனா,
எவனோ ஒருவன்
விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு
மெழுகு உருக்கியிருக்கிறான்.
விற்பதற்குத்தான் என்றால் வாரை மாற்றினால் போதுமே.
நான்கு மாதம் சேர்த்துவைத்த வசவுகளில்
எதைக் கொடுப்பது, எதை நிறுத்திவைப்பது
என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை, இரவு பதினொன்றுக்கும் வெயில்.
அந்த இடம் வந்தது.
தூக்க வேண்டிய விரலை வம்பாக வைத்து அழுத்தினேன்.
கூடமே தடுக்கியது.
தச்சர் ஆர்மஸ் தன் மனைவியின் காலை மிதித்துவிட்டு
மேடைக்கு வந்து கோபமாகக் கேட்டார்:
"அங்கே ஒரு பள்ளம் இருக்குமே,
எங்கே?"

யாரோ நிரப்பிவிட்டார்கள் என்றேன்.
யார் என்றார்.
அடுத்த பாட்டைத் தொடங்கினேன்.
விரல் தானாகத் தூக்கிக்கொண்டது.