ஐந்தாம் வினா

நாவலப்பிட்டியில் மூன்று நாளாக மழை.
ஆய்வுகூட மேசையில் விடைத்தாள் கட்டு,
ஆறிப்போன பிளேன்டி இரண்டு,
எதிரே ஸவாஹிர் சேர், சிவப்புப் பேனையோடு.

ஐந்தாம் வினா: ஜிஸ்யா வரியை விளக்குக.
புள்ளித் திட்டம் கையில் இருக்கிறது.
முஸ்லிமல்லாத ஆண்கள், தலைக்கு இவ்வளவு: ஒன்று.
பதிலுக்குப் பாதுகாப்பு: இரண்டு.
படைக்குப் போக வேண்டியதில்லை: ஒன்று.
பெண்கள், பிள்ளைகள், துறவிகள், இல்லாதவர்கள்
கொடுக்க வேண்டியதில்லை: ஒன்று.

எல்லாரும் இதையே எழுதியிருந்தார்கள்,
ஒரே டியூசன் கொப்பியின்
ஒரே எழுத்துப் பிழையோடு.

சுட்டெண் நாற்பத்தேழு மட்டும்
வேறு மாதிரி:
"ஜிஸ்யா என்பது ஒருவர் இருக்கிற இடத்திலேயே
இருப்பதற்குக் கொடுக்கிற காசு."
அதன் கீழே, அடித்து, மறுபடி எழுதி:
"எங்கள் ஆட்களுக்கும் தலைக்காசு இருந்தது.
வாங்கியது கங்காணி."

சிரித்தேன்.
பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.
பெரட்டில் நின்ற ஒவ்வொரு தலைக்கும்
கங்காணிக்குத் தோட்டம் கொடுத்த சதம்.
நிற்காத தலைக்குச் சதம் இல்லை;
காய்ச்சல்காரரையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.
என் அம்மாவுக்குப் பல நாள் அரைப்பேர்தான் விழும்.
சந்தாவை மட்டும்
முழுசாக வெட்டினார்கள்.

"எத்தனை போட?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கட்டியாயிற்று என்று காட்ட
கழுத்தில் ஈய முத்திரை தொங்கவிட்ட காலமும் உண்டு டீச்சர்.
மதம் மாறி வந்தவனிடமும்
கஜானா மெலியுமே என்று
விடாமல் வாங்கிய ஆளுநர்களும் உண்டு.
திட்டத்தில் இல்லை."

தகரத்தில் மழை பேசி முடிக்கும்வரை பொறுத்தார்.

"இன்னொன்றும் இல்லை.
சிரியாவில் ஹிம்ஸ் என்று ஊர்.
எதிரிப்படை வருகிறது, காக்க வழியில்லை.
வாங்கிய வரியை ஊராரிடமே
எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.
நடந்ததோ என்னவோ.
எனக்கு அது நடந்திருக்க வேண்டும்."

ஏனென்று எனக்குத் தெரியும்.
கண்டிப் பக்கம் அவர் மச்சானுக்குப் புடவைக்கடை.
ஒரு மார்ச் மாதம் அது எரிந்தபோது
பொலிஸ் ஜீப் முடக்கில் நின்றிருந்தது,
வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டு.
கூரையில்லாத அந்தக் கடைக்கு
அடுத்த காலாண்டின் ஆதனவரித் துண்டு
பிசகாமல் வந்தது.
மச்சான் போய்க் கட்டினார்.
பற்றுச்சீட்டைச் சட்டைப்பையில்
இன்னும் வைத்திருக்கிறாராம்.

"திட்டப்படி ஒன்றும் போட ஏலாது,"
என்றபடியே இரண்டு போட்டார்.
வெட்டினார். மூன்று.
மாற்றினால் இருவரும் ஒப்பமிட வேண்டும்.
இட்டேன்.

பதுளைக்குப் போகிற ரயில் கூவியது.
நாற்பத்தெட்டை எடுத்தேன்.
அழகான கையெழுத்து, எல்லாம் வரிசையாக.
பதிலுக்கு அரசு அவர்களுக்கு அளித்தது, என்று தொடங்கி,
இவளும் அந்தக் 'கா'வை விட்டிருந்தாள்:
பாதுப்பு.

இரண்டு புள்ளி.