விரல் நின்ற இடம்

சின்னப்பாலத்தில் இருந்து விடியுமுன் கிளம்பிய வள்ளத்தில்
ஒன்பது பெண்கள்.
எட்டுப் பேருக்கு அது திங்கட்கிழமை.
எனக்கு மட்டும் ஞாயிறு இன்னும் முடியவில்லை.

பூசையில் வாசித்தது தோமாவின் கதை.
ஆணி பாய்ந்த தழும்பில் விரலை விட்டுப் பார்க்காமல்
நம்பமாட்டேன் என்றவர்.
சந்தேகக்காரர் என்றார் சாமியார்.
எனக்கோ அவர்
பாசி எடுக்கிறவர் மாதிரி இருந்தார்.

சோளகம் கிளப்பிய கலங்கலில்
கண்ணாடி போட்டும் பயனில்லை.
ஆளுயரத்துக்குக் கீழே போனால் கண்கள்
காதில் கிடக்கும் தோடு போல
சும்மா முகத்தில் கிடக்கும்.
விரல்தான் முன்னால் போகும்.
வழுக்கினால் கட்டக்கோரை.
சுருண்டு பற்றினால் மரிக்கொழுந்து.
அறுத்தால் பார்.
பழந்துணி சுற்றிய பத்து விரலும்
என் பத்துக் கண்.

கண்ணாடியில் எச்சில் தடவித் துடைத்துக்கொண்டே
பஞ்சவர்ணம் கேட்டாள், கேலியாக இல்லை:
“ஏ பெலிசி, செத்து எந்திரிச்சவருதானே உங்க சாமி,
அந்தப் புண்ணை மட்டும் ஏன் ஆத்திக்கிடலே?”

புதுநன்மைக்கு முன் மனப்பாடம் செய்த பதில்
இன்றும் மூச்சுவிடாமல் வரும்:
அவர் மெய்யான கடவுள், மெய்யான மனிதர்.
ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை.
புண்ணைக் கேட்டாள்.
நான் குதித்துவிட்டேன்.

மூன்றாம் முக்குளிப்பில் பார் கிழித்தது.
இடது உள்ளங்கை, துணியோடு சேர்த்து.
வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தேன்.
சதைக்குள் ஒட்டியிருந்த கல்துணுக்கை எடுக்க
பஞ்சவர்ணம் விரலை நீட்டினாள்.
ஒரு சாண் தூரத்தில் விரல் நின்றுவிட்டது.
“ஆத்தா” என்றாள்.
பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்கிற சத்தம்
அதுவரை எங்கே இருந்ததோ, அப்போது கேட்டது.

அப்போதுதான் உறைத்தது:
தோமா தொட்டதாக எங்கும் எழுதவில்லை.
தொடு என்று சொன்னதாக இருக்கிறது.
தொட்டாரா, தெரியாது.
அடுத்த வரிக்குள் அவர்
ஆண்டவரே என்று அழைத்துவிடுகிறார்,
கடவுளே என்று.
விரல் நின்ற இடத்தில் வாய் திறந்திருக்கிறது.

என் புண்ணைப் பார்த்தவளுக்கு இரக்கம் வந்தது.
அந்தப் புண்ணைப் பார்த்தவருக்கு
முழங்கால் மடங்கியது.
இரண்டும் ரத்தம் கண்ட சதைதானே.
மஞ்சள்தூள் வைத்துக் கட்டிய கையோடு
அணியத்தில் உட்கார்ந்து
வெயில் ஏறும்வரை இதையே நினைத்திருந்தேன்.

ஆற்ற வழியில்லாமல் திறந்திருப்பது என்னுடையது.
மரணத்தையே உதறி எழுந்தவர்
இதை உதறவில்லை.
வேண்டுமென்றே வைத்துக்கொண்டிருக்கிறார்,
கலங்கலில் தடவி வருகிற எவளுக்கோ
பிடிக்க ஓர் இடம் வேண்டும் என்று.
அப்படி வைத்துக்கொள்ள
மனிதராக மட்டும் இருந்தால் முடியாது.
கடவுளாக மட்டும் இருந்தால்
வைத்துக்கொள்ளக் கை இருந்திருக்காது.

பஞ்சவர்ணத்திடம் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் அதற்குள் கீழே போயிருந்தாள்.
மேலே குமிழிகள் மட்டும்.

கரையில் வியாபாரி
ஈரத்துக்கு இரண்டு கிலோ, மண்ணுக்கு ஒன்று
கழித்து எழுதினான்.
பாதி நாள் சும்மா இருந்தவளின் சாக்கு
தராசில் ஏறிய மாதிரியே தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு, வரிசையில் நின்றேன்.
வெடித்த கையைக் காட்ட வெட்கப்பட்டு
இத்தனை வருடம் நாவில் வாங்கியவள் நான்.
அன்று கட்டை அவிழ்த்துவிட்டு
இடது கையை மேலே வைத்து நீட்டினேன்.
ஆறாத கோட்டின் மீதே
அவரை வைத்தார் சாமியார்.

எந்த வியாபாரியின் தராசும் அசையாத எடை.
என் கை தாழ்ந்தது.