பதினொரு ஹெல்மெட்

ஜூலையில் நாங்கள் இருபத்து மூன்று பேர்.
ஹெல்மெட் பதினொன்று.
கிள்ளானில் பழைய சாமான் கண்டெய்னரிலிருந்து
கிலோக் கணக்கில் வாங்கியவை.
ஒன்றின் உட்புறம் எவனோ மார்க்கரில்
'டெய்லர்' என்று பெயர் எழுதியிருந்தான்.
அதை மாட்டிய எழிலரசனிடம்
சீசன் முழுக்கக் கிழிந்த கால்சட்டைகளை நீட்டினோம்.

உள்ளே போகிறவன்
வெளியே வருகிறவனின் ஹெல்மெட்டை வாங்கி மாட்ட வேண்டும்.
சூடு ஆறாத வியர்வை.
கோக் வாய் என்றால் காற்றுத் தைலம்.
ஷாருல் என்றால் கிராம்புச் சிகரெட்.
கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்
யார் மண்டைக்குள் நிற்கிறேன் என்று.

என் இடம் முன்வரிசை, இடப்புறம்.
பந்து எனக்கு வராது.
முட்டு. நில். மறுபடி முட்டு.

பகாவ் திடல் செம்பனை ஆலைப் பக்கம் சாய்ந்தது.
காற்று திரும்பினால்
வந்த அணிகள் மூக்கைப் பொத்தும்;
எங்களிடம் இருந்த ஒரே தற்காப்பு அதுதான்.
ஒட்டுக்கடை ஆட்கள் தேநீர்ப் பையோடு வேலியில் நிற்பார்கள்.
விசில் எதற்கென்று தெரியாது.
யார் விழுந்தாலும் 'கோல்!'

செரம்பானிடம் நாற்பத்திரண்டு, பூஜ்யம்.
மலாக்கா போன பஸ் தம்பினில் படுத்துக்கொண்டது.
ஆடாத ஆட்டத்தையும்
தோல்வி என்றே எழுதினார்கள்.
செகாமட்டை வென்றோம்.
மழையில் சுண்ணாம்புக் கோடு கரைந்து
எல்லை எதுவென்று நடுவருக்கே தெரியாத இருட்டில்
கோக் வாய் ஓடினான், ஓடினான்,
பந்தோடு வடிகாலில் விழுந்தான்.
ஆறு, மூன்று.
அன்றிரவு ரொட்டிச்சானாய்க் கடையில்
காசே வாங்கவில்லை என்று சொல்ல ஆசை.
வாங்கினார்கள். அறுபத்தெட்டு வெள்ளி.

அதன் பிறகுதான்.
டெய்லருக்குத் தோள்மூட்டு.
ஜெகதீபனுக்குப் படிப்புக் கடன் வரவில்லை.
அம்ரி, அஸ்ரி இரட்டையர்
அப்பா ஏணியிலிருந்து விழுந்ததும்
அவருடைய குலைகளை வெட்டப் போனார்கள்.
ஷாருல் ஜோகூரில் அறை எடுத்து
தினமும் விடியுமுன் பாலம் தாண்டி
சிங்கப்பூரில் பெட்டி தூக்குகிறான்.
ஒருவனும் 'அணியை விட்டுப் போகிறேன்' என்று சொல்லவில்லை.
ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் தந்தார்கள்,
அடுத்தவன் உள்ளே போகட்டும் என்பதுபோல.

நவம்பர். கடைசி ஆட்டம்.
பத்துப் பேர்.
பதினோராவது ஹெல்மெட்
பெஞ்சில் மல்லாந்து மழையை வாங்கிக்கொண்டிருந்தது.
நடுவர் எண்ணினார்.
தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடியும் எண்ணினார்.
எங்களுக்கு வெல்டிங் பாடமும் எடுக்கும்
பயிற்சியாளர் ஹஸ்லினா,
'இவ்வளவுதான்' என்றார்.

என் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு
ஈரப்புல்.
ஒவ்வொரு முறையும் அந்த வழியாகத்தான் வந்தார்கள்,
கோயிலில் பொங்கல் வாங்க வருவதுபோல
அவசரமில்லாமல்.

கடைசிக் கால்மணியில் எவனோ கைநழுவவிட,
வருவதுபோல் வந்து வேறுபக்கம் துள்ளும்
அந்தக் கோணல் பந்து
என் முழங்காலில் பட்டு நின்றது.
ஓடவா என்று ஒரு நொடி.
விழுந்து மூடிக்கொண்டேன்.
முதுகின் மேல் ஆறேழு பேர்.
வேலியிலிருந்து: 'கோல்!'
நடுவர் ஒவ்வொருவராக உரித்தெடுத்தார்.
அடியில் நான்.
அதன் கரடுமுரடான தோல்
இத்தனை சில்லென்றிருக்கும் என்று தெரியாது.

முப்பத்தைந்து, ஏழு.

இரவு ஷாருல் கூப்பிட்டான்.
அவனுக்குப் பின்னால் குடிநுழைவு வரிசையில்
நூறு மோட்டார்சைக்கிள்களின் உறுமல்.
'எத்தனை?'
சொன்னேன்.
கொஞ்ச நேரம் மோட்டார்சைக்கிள்கள் மட்டும்.
'என் ஹெல்மெட்?'
'தண்ணிய கொட்டிட்டேன். காயுது.'
'கவுத்துப் போடாத,
ஸ்பாஞ்சு நாறிடும்.'

எழுந்துபோய்த் திருப்பி வைத்தேன்.